தையல்நாயகி முன்னால் இழுத்த சீட்டு

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டில் இறங்கி, தையல்நாயகி வீடு எது என்று கேட்டால் யாரும் சற்று யோசிப்பார்கள். கார்க்காரம்மா வீடு என்று கேளுங்கள், களையெடுத்துக்கொண்டிருப்பவர்கூட நிமிர்ந்து கையை நீட்டுவார். அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. எண்பத்தாறாம் வருஷம் ஊரே சிரித்து, சிரித்த வாயை அப்படியே மூடிக்கொண்டதில் வந்த பெயர் அது.

அவள் புருஷன் அப்பாதுரைக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சாகுபடி. இதோடு ஒரு பழைய அம்பாசடரும் இருந்தது. புதுச்சேரியில் ஒருவரிடம் வாங்கியது. மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டிய கையோடு காரையும் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, முன்பக்கம் மாலை போட்டுவிட்டுத்தான் அவர் சாப்பிட உட்காருவார். கொம்புக்கு வர்ணம் அடிக்காததுதான் பாக்கி. ஸ்டேரிங்கை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. தையல்நாயகி பின்சீட்டில் பிள்ளைகளோடும் பைகளோடும் இருப்பாள், அதுதான் அவள் இடம் என்று அவளும் நினைத்திருந்தாள்.

ஆளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்பாதுரை பனைமரம். தையல்நாயகி அவர் நெஞ்சுக்கு வருவாள், கொண்டையோடு சேர்த்து அளந்தால். பரணிலிருந்து அண்டா எடுக்க வேண்டுமென்றால் முக்காலி போட்டு ஏறுவாள். அதற்காக யாரையும் கூப்பிட்டதில்லை.

அந்த ஆடி மாதம் கூட்டேரிப்பட்டில், ரோட்டைக் கடந்த மாடுகளுக்காக அப்பாதுரை காரை நிறுத்தினார். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. பெரிய மோதல் என்று சொல்ல முடியாது. பம்பர் நெளிந்தது, ஒரு விளக்கு உடைந்தது. லாரிக்காரரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறாரத் தோசை சாப்பிட்டுப் படுத்தார். காலையில் எழுந்தால் கழுத்து எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அந்தக் காரின் சீட்டு முதுகு அவருக்குத் தோளோடு முடிந்துவிடும். தலைக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது. லாரி இடித்த வேகத்தில் தலை பின்னால் மடங்கித் திரும்பியிருக்கிறது. எலும்பு முறியவில்லை, உள்ளே தசை நைந்திருக்கிறது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லி, கழுத்துக்குப் பட்டை மாட்டி, காரை ஓட்டவே கூடாது என்றார். வாராவாரம் வந்து சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் போனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்பாதுரை பல்லைக் கடித்தார். மயிலம் தாண்டுவதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் கர்ஜிக்கிற மனுஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்த தையல்நாயகி, இனி பஸ் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தாள். கூலிக்கு ஒரு டிரைவரை வைத்தார்கள். அவர் பஸ்ஸையே மிஞ்சினார். பிரேக்கை மிதித்தால் கோயில் மணி அடிப்பதுபோல் மிதித்தார். இரண்டு நடைக்கு மேல் அப்பாதுரையால் தாங்க முடியவில்லை.

"நான் ஓட்டறேன்" என்றாள் தையல்நாயகி.

"இன்னாத்த ஓட்டறே?"

"காரத்தான். நீங்க பக்கத்துல ஒக்காந்து சொல்லுங்க, நான் கத்துக்கறேன்."

"ஸ்டேரிங்குக்கு மேல ஒன் தல தெரியுமா மொதல்ல?"

"தெரியிற மாரி நான் பண்ணிக்கறேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், கழுத்து விடவில்லை. விழுப்புரத்துக்குப் போய்ப் பழகுனர் உரிமம் வாங்கி வந்தார்கள். அறுவடை முடிந்த களத்தில் பாடம் தொடங்கியது. பட்டை மாட்டிய கழுத்தோடு அவர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் என்ன வருகிறது என்று அவள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். வைக்கோல் போருக்குள் ஒரு தடவை காரை விட்டாள், பார்த்த ஊரே சிரித்தது. கியர் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது, திருப்பமும் பிடிபட்டது. கிளட்ச்தான் படுத்தியது.

இங்கேதான் அவள் தப்பு. அந்தக் காரின் முன்சீட்டு ஒரே நீள பெஞ்சு. முன்னால் இழுத்தால் மொத்தமாக முன்னால் வரும், பின்னால் தள்ளினால் மொத்தமாகப் பின்னால் போகும். அப்பாதுரையின் நீளக் காலுக்காக அது கடைசி வரை பின்னால் தள்ளியே கிடந்தது. அவள் காலுக்குக் கிளட்ச் எட்ட வேண்டுமென்றால் பெஞ்சை முன்னால் இழுக்க வேண்டும், இழுத்தால் நோயாளிப் புருஷனின் முட்டி முன்பலகையில் இடிக்கும். கட்டினவன் காலை மடக்கிக்கொண்டு கஷ்டப்பட, தான் சௌகரியமாக உட்காருவதா? அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை. அடியில் ஒரு தலையணை, முதுகுக்கு இரண்டு தலையணை என்று திணித்துக்கொண்டு, ஸ்டேரிங்கை எட்டிப் பிடித்து ஓட்டினாள். கிளட்சை அழுத்தினால் கிளட்ச் பாதி இறங்கும், முதுகுத் தலையணை பாதி அமுங்கும். உடம்பு வழுக்கிக்கொண்டு கீழே போகும். நாமே பஞ்சடைத்த தலையணை மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கால் குட்டை என்று தன்னைத்தான் அவள் நொந்துகொண்டாள்.

ஐப்பசியில் விழுப்புரத்தில் பரீட்சை. பிரேக் இன்ஸ்பெக்டர் விருத்தாசலம் நல்ல ஆகிருதி, உடம்புக்கேற்ற வயிறு. அவர் ஏறுவதற்கு முன் தையல்நாயகி அவர் பக்கத்து சீட்டை முந்தானையால் துடைத்து, புதுத் துண்டு ஒன்றை விரித்தாள். பெரிய மனுஷரை உட்கார வைக்கிற முறை அதுதானே. பெஞ்சு கடைசி வரை பின்னால் தள்ளியே இருந்தது, அவர் காலை நீட்டி அமர்ந்தார். மைதானத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரோட்டுக்கு வந்து பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். அவள் கிளட்சை அழுத்தினாள், தலையணை சரிந்தது, கால் நழுவியது, கார் உறுமிவிட்டு அணைந்து பின்னால் உருண்டது. பின்னால் நின்ற சைக்கிள்காரர் குதித்து ஓடினார்.

"காலு முழுசா எறங்கலியேம்மா. பழகிட்டு வாங்க" என்றார் விருத்தாசலம். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது.

அன்று கூட வந்திருந்தது அப்பாதுரையின் தம்பி சீனுவாசன். விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன், காரும் ஓட்டுவான். கெட்டவன் இல்லை, ஆனால் அந்தக் கார்மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் பேச்சை எடுத்தான்.

"அண்ணா, ஓட்ட ஆளில்லாம வண்டி நின்னுக்கினே இருந்தா துருப்பிடிச்சுப் பூடும். நான் எடுத்துக்கினு போறேன். ஒனக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா கடை சாத்திட்டு வந்து இட்டுக்கினு போறேன்."

கடை எப்போது சாத்துவான், எப்போது வருவான் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாதுரை மனைவி பக்கம் பார்க்க நினைத்து, உடம்போடு திரும்பினார்.

"இன்னொரு தடவ போறேன் தம்பி. அதுலயும் ஆவலன்னா சாவிய நானே குடுத்துடறேன்" என்றாள் அவள்.

"சரிதாண்ணி. நீங்க சொன்னா சரி" என்றான் சீனுவாசன். அவன் முகத்தில் கார் ஏற்கெனவே விழுப்புரம் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் அப்பாதுரை வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு கண்ணயர்ந்ததும், தையல்நாயகி கொட்டகையில் இருந்த காரில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். தலையணைகளையெல்லாம் தூக்கி வெளியே எறிந்தாள். காலை நீட்டினால் கிளட்சை நுனிவிரல்தான் தொட்டது. அப்போதுதான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. தையல் மெஷினில் உட்காரும்போது நாற்காலியைத்தானே இழுத்துப் போட்டுக்கொள்கிறாள், காலை நீளமாக்கிக்கொள்ளவில்லையே. அடுப்பு, அம்மி, கிணற்று ராட்டினம் எல்லாவற்றிடமும் அவள்தான் கிட்டப் போயிருக்கிறாள். இந்தக் காரிடம் மட்டும் எதற்கு எட்டி நின்று மரியாதை?

சீட்டுக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைத் தேடி இழுத்தாள். அசையவில்லை. வருஷக்கணக்கில் யாரும் தொடாத பொருள். குனிந்து பார்த்தால் தண்டவாளம்போல இருந்த இரண்டு பள்ளங்களிலும் மல்லாட்டைத் தோல், மண், பிள்ளைகள் சிந்திய பொரி, காணாமல் போன ஒரு கொலுசுத் திருகு. கொண்டை ஊசியால் சுரண்டி, சீமெண்ணெய் விட்டு, தேங்காயெண்ணெயும் விட்டு, காலை முன்பலகையில் உதைத்துக்கொண்டு தம் பிடித்து ஒரு இழு. பெஞ்சு கடகடவென்று முன்னால் வந்தது. கிளட்ச் அடி வரை இறங்கியது, அப்போதும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருந்தது. முதுகு முழுவதும் சீட்டில் பதிந்திருந்தது. அந்தக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அவள் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

உயரம்தான் இன்னும் போதவில்லை. காரோடும் அப்பாதுரையோடும் திண்டிவனத்தில் ஷபியுல்லா பாய் கடைக்குப் போனாள். கோட்டக்குப்பத்துக்காரர், சவுதியில் கார் சீட்டுக்கு உறை தைத்துவிட்டு வந்து இங்கே குஷன் கடை போட்டிருந்தார்.

"பாய், ஒக்கார்ற எடத்துக்கு ஒரு திண்டு வேணும். அமுங்கக் கூடாது."

"பலகை வச்சு மேல தேங்கா நாரு அடிச்சுத் தர்றேன்மா. அடியில நாடா போட்டுக் கட்டிக்கலாம், நவுராது." பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தார். "அண்ணனுக்கு இந்த சீட்டுலதான அடிபட்டுச்சு? தலைக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லியே. ஹெட்ரெஸ்ட் ரெண்டு போட்டுடலாமா?"

அவர் சீட்டின் முதுகுக்குள் இரும்புப் பட்டை வைத்து, கம்பியில் ஏற்றி இறக்குகிற மாதிரி இரண்டு திண்டு பொருத்தினார். அந்தப் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. அப்பாதுரை அதைத் தலையணை என்றே முடிவுகட்டிவிட்டார். ஏறி உட்கார்ந்ததும் தன் பக்கத்துத் திண்டைப் பிடரிக்கு வருகிற மாதிரி கீழே இறக்கிக்கொண்டு, ஆகா என்று கண்ணை மூடினார்.

"அண்ணே, கழுத்துக்கு இல்லண்ணே அது, தலைக்கு" என்றார் ஷபியுல்லா. "பின்னாடி வண்டி இடிச்சா சீட்டு ஒடம்ப முன்னால தள்ளிடும். தல மட்டும் தனியா பின்னாடி நின்னுடும். கீழ எறக்கி வச்சா அதுமேலயே கழுத்து மடங்கும், இன்னும் பேஜாரு. உச்சி மட்டத்துக்கு ஏத்துங்க. தலையை ஒட்டியே இருக்கட்டும்."

ஏற்றினார். அதோடு விட்டாரா? இறங்கிப் போய்க் காரைப் பின்னாலிருந்து பார்த்தார். அவர் பக்கம் வானத்தைத் தொட்டது, அவள் பக்கம் பாதி உயரம்.

"ஒண்ணு ஏத்தம் ஒண்ணு எறக்கமா இருக்குதே. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? ரெண்டும் ஒரே மட்டமா வை, பாய்."

"நம்ம ரெண்டு பேரு தலையும் ஒரே மட்டமா இருக்குதா?" என்றாள் தையல்நாயகி. "கல்யாணத்துல பக்கத்துல நிக்கறப்ப தெரியலியா இந்த ஏத்த எறக்கம்?"

பாய் திரும்பி நின்று தையல் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது. அப்பாதுரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெரிய வம்பு அவர் முட்டிதான். பெஞ்சு முன்னால் வந்ததும் முட்டி பலகையில் இடித்தது. நான் பின்னால் போய்விடுகிறேன் என்றார். பின்சீட்டில் ஹெட்ரெஸ்ட் கிடையாது, கூடாது என்றாள் அவள். சம்மணம் போட்டுக்கொள்கிறேன் என்றார். பிரேக் அடித்தால் உருண்டு விழுவீர்கள், அதுவும் கூடாது என்றாள். அப்புறம் அவரையே உற்றுப் பார்த்தாள். சாய்வு நாற்காலியில் படுப்பதுபோல் இடுப்பை முன்னால் சரியவிட்டு, முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காரில் உட்கார்வதே அப்படித்தான்.

"இன்னாங்க, இடுப்பை நல்லா பின்னாடி நவுத்துங்க. சீட்டுக்கு மூலைல போயி முட்டணும். ம், இப்ப நிமுந்து ஒக்காருங்க."

நிமிர்ந்தார். முட்டிக்கும் பலகைக்கும் நடுவில் கை நுழைகிற இடம் வந்தது. தலை ஹெட்ரெஸ்டின் பக்கத்தில் போய் நின்றது. தலையை அதில் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார். பிறகு, வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

கார்த்திகையில் இரண்டாம் பரீட்சை. அதற்குள் செஞ்சி ரோட்டில் ஒரு ஏற்றம் விடாமல் நிறுத்தி எடுத்துப் பழகியிருந்தாள். தன் ஸ்கூட்டரை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, விழுப்புரத்துக்கு அன்று காரை ஓட்டிப் போனது சீனுவாசன். அவன் ஏறியதும் முதல் வேலையாக அவள் உட்காரும் திண்டைக் கழற்றிவிட்டு பெஞ்சைக் கடைசி வரை பின்னால் தள்ளினான். மைதானத்தில் நிறுத்தியதும் தையல்நாயகி திண்டைக் கட்டினாள், நெம்புகோலுக்குக் குனிந்தாள். சீனுவாசன் பதறிப்போய் ஜன்னலுக்கு வந்தான்.

"அண்ணி, ஆபீசர் வராரு. அவ்ளோ பெரிய ஒடம்பு. சீட்ட இழுத்தீங்கன்னா அவுரு எங்க ஒக்காருவாரு? ஒரு அரை மணி நேரம் பல்லக் கடிச்சுக்கினு ஓட்டிடுங்க."

அப்பாதுரையின் முகமும் அதையேதான் சொன்னது. அரசாங்க அதிகாரியின் காலை மடக்க வைப்பதாவது. நெம்புகோலில் வைத்த தையல்நாயகியின் கை அப்படியே நின்றது. மறைப்பானேன், அவளுக்கு ஆபீசர் மேல் பயம்தான். போன தடவை துண்டு விரித்த அதே கை அது. விருத்தாசலம் கதவைத் திறந்தார்.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றாள். "சீட்ட முன்னால இழுத்துக்கணுங்க. இழுத்தாத்தான் எனக்குக் காலு முழுசா எறங்கும். ஒங்களுக்கு எடம் கொறையும், கொஞ்சம் பின்னாடி நவுந்து நிமுந்து ஒக்காந்தீங்கன்னா இடிக்காதுங்க."

மைதானத்தில் காத்திருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீனுவாசன் வானத்தைப் பார்த்தான்.

விருத்தாசலம் அவளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், தன் வயிற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "போன தடவ ஏம்மா இழுக்கல?"

"நீங்க ஒக்கார்றீங்களேன்னு இழுக்கலீங்க."

"நான் ஒக்கார்றதுக்கா பரீட்ச வைக்கறாங்க? இழும்மா."

இழுத்தாள். கடகடவென்ற அந்தச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. அவர் ஏறி, வயிற்றை உள்ளிழுத்து, இடுப்பை மூலைக்குத் தள்ளி, பள்ளிக்கூடத்துப் பையன்போல நேராக உட்கார்ந்தார். அப்படியும் முட்டி இடித்தது. தலைக்குப் பின்னால் நின்ற ஹெட்ரெஸ்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போகலாம் என்றார்.

பாலத்து ஏற்றத்தில் முன்னால் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை, அவளே நிறுத்தினாள். பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. முதுகு சீட்டில், குதிகால் தரையில், கிளட்ச் அடி வரை. மாட்டுவண்டி நகர்ந்ததும் காலை மெதுவாக எடுத்தாள். கார் உறுமவில்லை, உருளவில்லை, ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. மேலே ஏறி, பாலம் கடந்து, அந்தப் பக்கம் இறங்கியது. அவளுக்குக் கண் கலங்கியது, ரோடு தெரிய வேண்டுமே என்று சிமிட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்து நிறுத்தியதும் விருத்தாசலம் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார். "பாஸ்" என்றார். "இதுல ஒக்காந்து எனக்கு முதுகு நேரா ஆயிடுச்சு."

லைசென்ஸ் கைக்கு வந்து அவள் வெளியே வரும்போது, சீனுவாசன் பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினாள். அவன் காலை வெளியே எடுத்தான். சாவி அவன் கையிலிருந்து அவள் கைக்கு வந்தது. அப்பாதுரை யாரும் சொல்லாமலே முன்னால் ஏறி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்பி பின்சீட்டில் போய் உட்கார்ந்தான், பைகளோடு.

விக்கிரவாண்டி தாண்டியது. கார் பள்ளங்களில் இறங்கி ஏறியது அப்பாதுரைக்குத் தெரியவே இல்லை, அடிபட்ட நாளிலிருந்து முதல் தடவையாக ஓடுகிற வண்டியில் தூங்கியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சீனுவாசன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணி."

"சொல்லு தம்பி."

"வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூரு கோயிலுக்குப் போவணும்னு வீட்ல சொல்லிக்கினு இருந்தா. அன்னிக்கு பஸ்ல கால் வைக்க முடியாது. வண்டி கெடைக்குமா?"

"கெடைக்கும். நானே வந்து இட்டுக்கினு போறேன்" என்றாள் தையல்நாயகி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "சீட்ட மட்டும் யாரும் தொடக் கூடாது."